எளிமை வேறு, ஏனோதானோ வேறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கல்வி என்பது நான்கு சுவருக்குள் முடிந்துவிடுவதன்று. ஏட்டில் படித்ததை நாட்டில் பார்க்க வேண்டும். நாட்டில் பார்த்ததைக் கொண்டு ஏட்டில் படித்ததை உரசிப் பார்க்க வேண்டும். இந்த நோக்கத்தோடுதான் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களைக் கொண்டு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப் பெற்றது. ‘எனக்காக அன்று, உனக்காக’ என்பது அதன் குறிக்கோள். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி. அதோடு ஒரு சிற்றூரில் ஏழு நாள் சிறப்பு முகாம். இந்த முகாமின் பயனை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் ஓராண்டு அருகருகே அமர்ந்தும் பேசாதவர்கள், ஒரே அடுப்பில் வெந்த சோற்றை உண்டு ஏழே நாளில் உடன்பிறப்புகளாகிவிடுகிறார்கள்.

ஆண்டு மலரில் முகாமைப் பற்றி அறிக்கை வெளியிடுவது மரபு. சாலை செப்பனிட்டோம், கோயில் குளத்தைத் தூய்மை செய்தோம், மரக்கன்று நட்டோம், முகாம் இனிதே நிறைவுற்றது என்று அது முடியும். அந்த அறிக்கையில் இடம் பெறாத சிலவற்றை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஐம்பது பேர் ஏழு நாள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்? காலைக்கடனுக்கு எங்கே போனார்கள்? இரவில் எதன்மேல் படுத்தார்கள்? ஒருவரைப் பாம்பு தீண்டினால் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்று யாருக்காவது தெரிந்திருந்ததா?

முகாமில் எளிமை வேண்டும். பஞ்சு மெத்தையும் மின்விசிறியும் தேடுபவர் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனால் எளிமை வேறு, ஏனோதானோ வேறு. பாயில் படுப்பது எளிமை. புதர் ஓரத்தில் வலையில்லாமல் படுப்பது ஏனோதானோ. கூழ் குடிப்பது எளிமை. கலங்கிய நீரில் காய்ச்சிய கூழை ஈ மொய்க்க வைத்துக் குடிப்பது ஏனோதானோ. இவ்விரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வாதம்.

தண்ணீர்

சென்ற ஆண்டு நாங்கள் தங்கியது ஒரு சிற்றூரின் தொடக்கப்பள்ளியில். அங்கே படிக்கும் பிள்ளைகள் முப்பதுக்கும் குறைவு. நாங்கள் ஐம்பது பேர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலையில் அரை மணி நேரம் குழாயில் நீர் வரும். அதை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைப்போம். மண்வெட்டி பிடித்த கையோடு வந்து, ஆளுக்கொரு தம்ளரை டிரம்முக்குள் முக்கி மொண்டு குடிப்போம். நான்காம் நாள் பதினொரு பேருக்கு வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த செவிலியர் அக்கா முதலில் நோயாளியைப் பார்க்கவில்லை, டிரம்மைத்தான் பார்த்தார். “குழாய்த் தண்ணியில குத்தமில்லம்மா, உங்க கையிலதான் குத்தம்” என்றார்.

அந்த அக்கா சொன்னதில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. நல்ல நீரும் சேமிக்கும் இடத்தில் கெடும். டிரம்முக்கு ஒரு மூடி, அடியில் ஒரு குழாய், அது இல்லையேல் நீண்ட பிடி வைத்த ஓர் அகப்பை இருந்தால் அந்தப் பதினொரு பேரில் பலர் படுத்திருக்கமாட்டார்கள். இதற்கு ஆகும் செலவு நிறைவு விழாவில் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடையின் விலையை எட்டாது.

வேதியியல் மாணவர்களாகிய நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. பிளீச்சிங் பவுடரில் பயன்படும் குளோரின் எவ்வளவு என்று அயோடினையும் தயோசல்பேட்டையும் கொண்டு ஆய்வகத்தில் தரம் பார்க்கிறோம். விடையைப் பதிவேட்டில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். புதிய பவுடரில் குளோரின் ஏறத்தாழ 33 விழுக்காடு இருக்கும். ஆயிரம் லிட்டர் தெளிந்த நீருக்கு அதில் 2.5 கிராம் போதும். கலங்கிய நீரானால் வடிகட்டி, அளவைக் கூட்ட வேண்டும். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுவிட வேண்டும். அதன்பின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சி நின்றால் நீர் குடிக்கத் தக்கது. மூட்டை பிரித்துப் பல மாதமான பவுடரில் வீரியம் போயிருக்கும். அதைக் கண்டறியத்தானே நாம் படித்தோம்? ஆய்வகத்தில் படித்தது முகாமுக்கு வரவில்லையென்றால் அந்தப் படிப்புக்கும் முகாமுக்கும் என்ன உறவு?

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர். இதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியதும் ஒரு முகாம்தான். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய்வழி கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் தூய நீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கலக்கத் தெரியாத ஒருவரும் முகாமில் இருக்கக்கூடாது.

சொல்லக் கூசும் செய்தி

அந்தப் பள்ளியில் கழிப்பறை இரண்டு. ஒன்றில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஐம்பது பேரில் இருபத்திரண்டு பேர் மாணவியர். மாணவர்கள் வாய்க்கால் பக்கம் போனார்கள். நாங்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வரிசையில் நின்றோம். பகலில் என்ன செய்தோம் என்று கேட்கிறீர்களா? தண்ணீர் குடிக்காமல் இருந்தோம். வெயிலில் மண் சுமந்துவிட்டு, தாகம் எடுத்தும், போக இடமில்லையே என்று அஞ்சித் தண்ணீரைத் தவிர்த்த தோழியரை நான் அறிவேன். அவர்களில் இருவர் மயங்கி விழுந்தனர். “காலை உணவைச் சரியாகச் சாப்பிடவில்லை” என்று காரணம் சொல்லப்பட்டது. முகாம் முடிந்து ஊர் திரும்பியபின் நீர்க்கடுப்பால் வருந்தியவர்கள் வேறு. மாதவிலக்கு நாளில் இருந்தவர்களின் துன்பத்தை எழுதப் போனால் பக்கம் போதாது.

இதைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று ஒரு தோழி கேட்டாள். எழுதாமல் இருந்ததால்தான் ஆண்டுதோறும் இது நடக்கிறது என்றேன்.

பேரிடர்க் காலத் துயர்நீக்க முகாம்களுக்கென உலக நாடுகள் பின்பற்றும் ஸ்ஃபியர் நெறிமுறை ஒன்று உண்டு. அது இருபது பேருக்கு ஒரு கழிப்பறையும், ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீரும் வேண்டும் என்கிறது. வெள்ளத்தில் வீடிழந்தவர்க்கே இவ்வளவு வேண்டுமெனில், திட்டமிட்டுச் செல்லும் நமக்கு அதில் குறையலாமா? கழிப்பறை போதாத இடத்தில், ஓரடி அகலமும் மூன்றடி ஆழமும் உள்ள குழிகளை வெட்டி, தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, ஒவ்வொரு முறையும் மண் தள்ளி மூடலாம். கிணற்றிலிருந்து ஐம்பதடியேனும் தள்ளி, நிலம் சரியும் பக்கத்தில் வெட்ட வேண்டும். ஏழு நாளும் மண் வெட்டும் நமக்கு முதல் நாள் இக்குழிகளை வெட்டுவது பெரிய வேலையா? வாசலில் ஒரு குடம் நீரும் ஒரு சோப்பும் வைத்துவிட்டால் செவிலியர் அக்கா சொன்ன கைக்குற்றமும் தீரும்.

அடுப்பும் கூரையும்

முகாமில் சமையல் பெரும்பாலும் திறந்தவெளி விறகடுப்பில். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி அதன்மேல் ஒரு கீற்றுப் பந்தல். அதை ஒட்டியே உணவுப் பந்தல். இந்த அமைப்பைக் காணும்போதெல்லாம் 2004 ஜூலை 16 எனக்கு நினைவுக்கு வருகிறது. அப்போது நான் பிறக்கவில்லை. ஆயினும் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போன எவரும் அந்த நாளைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கும்பகோணத்தில் சத்துணவு அடுப்பிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய நெருப்பு 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரை ஒழிந்தது. முகாமுக்கு மட்டும் அது திரும்பி வரலாமா? அடுப்பைப் பந்தலிலிருந்து தொலைவில், காற்று வீசும் திசை பார்த்து வைக்க வேண்டும். அருகில் இரண்டு வாளி மணலும் நீரும் எப்போதும் இருக்க வேண்டும். துப்பட்டாவை முடிந்து கொண்டு, நைலான் ஆடையைத் தவிர்த்துப் பருத்தி ஆடையோடுதான் அடுப்படிக்குப் போக வேண்டும்.

உணவைப் பற்றி ஒரே ஒரு விதி: ஆக்கியதை இரண்டு மணி நேரத்துக்குள் உண்டுவிட வேண்டும். காலையில் கலந்த தயிர்சாதத்தைப் பிற்பகல் மூன்று மணிக்கு வயல்வரப்பில் பரிமாறுவது சிக்கனமாகத் தோன்றும். மறுநாள் மாத்திரைக்குச் செலவழிக்கும்போது அதன் உண்மை விலை தெரியும்.

பாம்பும் புதரும் கிணறும்

நான் வயல் நடுவே வளர்ந்தவள். பாம்பைக் கண்டு அலறும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அஞ்ச வேண்டியதை அறிந்து அஞ்சும் வழக்கம் உண்டு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரைத் தீண்டுவது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தெரியாது. விடிந்ததும் கண் இமை சொருகி, மூச்சுத் திணறும்போதுதான் புரியும். முகாமில் நாம் எல்லோரும் தரையில்தானே படுக்கிறோம்? கொசுவலையைப் பாயின் அடியில் சுற்றிலும் செருகிப் படுத்தால் கொசுவும் வராது, கட்டுவிரியனும் அண்டாது. நேபாளத்தில் நடத்திய ஆய்வு ஒன்றும் வலைக்குள் உறங்குவோரைப் பாம்பு தீண்டுவது குறைவு என்று கண்டது.

தீண்டிவிட்டால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுகக் கட்டக்கூடாது, மந்திரிப்பவரைத் தேடக்கூடாது. அசையாமல் படுக்க வைத்து, கடிபட்ட கையையோ காலையோ சிம்பு வைத்து அசைவறச் செய்து, 108ஐ அழைக்க வேண்டும். விடமுறிவு மருந்துக்கு வேண்டிய விடத்தைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருவதில் முதன்மையானது சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் உழைப்பால் விளையும் மருந்து எந்த மருத்துவமனையில் இருப்பில் இருக்கிறது, செயற்கைச் சுவாசக் கருவி எங்கே இருக்கிறது என்பதை முகாம் தொடங்கும் முன்பே கேட்டு எழுதி வைப்பது நம் கடமையன்றோ?

சீமைக் கருவேலம் வெட்டுவது நம் முகாம்களின் நிரந்தர நிகழ்ச்சி. செருப்பின்றி அதில் இறங்குவோர் கால் முழுதும் முள். 10, 16 வயதுகளில் போட வேண்டிய ரணஜன்னி ஊசியைப் போட்டுக்கொண்டோமா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே புதரில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் கடித்து ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலைப் பரப்புகின்றன. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் புண் தோன்றலாம். காலத்தே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் குணமாகிவிடும். கண்டறியாவிட்டால் உயிரையும் பறிக்கும். இக்காய்ச்சல் முகாமில் வருவதில்லை. வீடு திரும்பி ஒரு வாரம், பத்து நாள் கழித்தே வரும். ஆகவேதான் எந்த முகாம் அறிக்கையிலும் அது ஏறுவதில்லை. காய்ச்சல் வந்தால், “முகாமுக்குப் போயிருந்தேன், புதர் வெட்டினேன்” என்று மருத்துவரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இனி, கிணறு. வேலை முடித்த களைப்பில் குளிர்ந்த நீரைக் கண்டால் யாருக்குத்தான் இறங்கத் தோன்றாது? 2022 ஜூன் மாதம் கடலூரை அடுத்த கெடிலம் ஆற்றின் தடுப்பணையில் குளிக்கச் சென்ற ஏழு பெண்கள் மூழ்கி மாண்டனர். சிக்கியவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அவர்களில் அடக்கம். நீச்சல் தெரிந்தவரும் மூழ்குபவரின் பிடியில் சிக்கினால் மீள்வது அரிது. கயிற்றை வீசலாம், கம்பை நீட்டலாம், காற்றடைத்த டியூபை எறியலாம், குதிக்கக்கூடாது. அறியாத நீர்நிலையில் குளிப்பதே இல்லை என்பதை முகாமின் முதல் விதியாக்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

ஆளைப் பற்றியும் ஒரு சொல்

பாதுகாப்பு என்பது பாம்பையும் நீரையும் மட்டும் பற்றியதன்று. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், என்.சி.சி. அனுமதியே இல்லாமல் ஒரு பள்ளியில் நடந்த போலி முகாமில் சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளான செய்தியைப் படித்துத் தமிழகமே தலைகுனிந்தது. முகாமை நடத்துபவர் யார், யாருடைய அனுமதியோடு நடத்துகிறார், மாணவியருடன் பெண் ஆசிரியர் ஒருவர் இரவும் தங்குகிறாரா, வெளியாட்கள் யார் யார் வந்து போகிறார்கள் என்று கேட்பது அவநம்பிக்கையாகாது. கேட்பதற்கு இடம் கொடுக்கும் முகாமே நம்பத் தக்க முகாம்.

மறுப்புக்கு மறுமொழி

“அந்த ஊர் மக்கள் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள்? நீங்கள் மட்டும் என்ன அரண்மனைப் பிள்ளைகளா?” என்று சிலர் கேட்கலாம். நாங்களும் அத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர்கள்தாம். அந்தத் தண்ணீர் அவர்களுக்கும் கெடுதல்தான். அவர்கள் நோயுறுவது கணக்கில் வருவதில்லை, அவ்வளவே. நமக்காகச் செய்யும் குளோரின் சோதனையை ஊர்த் தொட்டிக்கும் செய்துகொடுத்தால் அதைவிடச் சிறந்த தொண்டு எது? இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முப்பது பிள்ளைகளின் பள்ளியில் ஐம்பது பேர் ஏழு நாள் தங்கிவிட்டு வருகிறோம். நாம் விட்டுவரும் அசுத்தத்தின் நடுவேதான் எட்டாம் நாள் அந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தூய்மையைப் போதிக்கப் போனவர்கள் அழுக்கை விட்டு வருவது நியாயமா?

“கஷ்டப்பட்டால்தான் உறுதி வரும்” என்பது இன்னொரு வாதம். சாரணர் முகாம்களுக்கெல்லாம் முன்னோடி, 1907இல் பேடன் பவல் இருபது சிறுவரோடு பிரவுன்ஸீ தீவில் நடத்திய முகாம். அவர் போர்க்களத்திலிருந்து வந்தவர். அவர் கண்ட தென்னாப்பிரிக்கப் போரில் இறந்த ஏறத்தாழ 22,000 பிரிட்டிஷ் வீரருள் பெரும்பாலோரை மாய்த்தது குண்டன்று. டைபாய்டு முதலிய நோய்களே. உறுதி மிக்க வீரனும் அசுத்த நீருக்கு முன் நிற்க முடியவில்லை.

“பணம் எங்கே?” என்பது மூன்றாவது. மூடி, அகப்பை, சோப்பு, பிளீச்சிங் பவுடர், கயிறு, உப்பு-சர்க்கரைப் பொட்டலம், முதலுதவிப் பெட்டி இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டாம். பதாகையில் ஒன்றைக் குறைத்தால் போதும்.

செய்ய வேண்டியவை

பேராசிரியப் பெருமக்களுக்கும் திட்ட அலுவலர்களுக்கும் பணிவோடு நான் முன்வைக்கும் வேண்டுகோள் இவை. முகாமுக்குப் பத்து நாள் முன்னதாக மாணவர் இருவரும் மாணவியர் இருவரும் அடங்கிய குழு, அலுவலருடன் சென்று இடத்தைப் பார்த்துவர வேண்டும். நீர், கழிப்பறை, படுக்கை, அடுப்பு, மருத்துவமனை ஆகிய ஐந்தையும் பற்றி எழுத்தில் குறிப்புத் தர வேண்டும். நீரும் கழிப்பறையும் சரியில்லாத இடத்தில், சரிசெய்யும்வரை முகாம் தொடங்கக்கூடாது. வேதியியல் துறை நீரையும், தாவரவியல், விலங்கியல் துறைகள் புதரையும் பாம்பையும் பற்றி ஒரு மாலை வகுப்பு நடத்தலாம். ஒவ்வொரு நாளும் யாருக்கு என்ன உடல்நலக் குறைவு என்று ஒரு நோட்டில் பதிய வேண்டும். அந்த நோட்டு முகாம் அறிக்கையில் ஓர் அங்கமாக வேண்டும்.

நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் பெற்றோர் முகாமின் பயனை அறியமாட்டார்கள். நம் சொல்லை நம்பி அனுப்புகிறார்கள். நாம் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அம்மாவுக்கு ஒரு வாரக் கூலி போகிறது. ஒரு மாணவிக்கு ஓர் ஊறு நேர்ந்தால், அடுத்த ஆண்டு அந்த ஊரிலிருந்து எந்தப் பெண்ணும் முகாமுக்கு வரமாட்டாள்; கல்லூரிக்கே வராமல் நிறுத்தப்படவும் கூடும். ஆகையால் ஒரு மூடியும் ஒரு தாழ்ப்பாளும் சின்னப் பொருள்களல்ல. எங்களைப் போன்றோர் வாசல் தாண்டி வருவதும் வராததும் அவற்றில் இருக்கிறது. வரும் முகாமுக்குப் புறப்படும் தம்பி தங்கையரே, மண்வெட்டியை எடுத்து வைக்கும் முன் சோப்பையும் கொசுவலையையும் எடுத்து வையுங்கள். ஊருக்கு உழைக்கப் போகிறவர் உடல்நலத்தோடு வீடு திரும்ப வேண்டும்.